புனித செபஸ்தியார்

புனித செபஸ்தியார் உரோமைப் படையில் பணியாற்றிய கிறித்தவ மறைசாட்சி ஆவார். மரத்தில் கட்டப்பட்டு உடலெங்கும் அம்புகள் தைத்த இளைஞராகவே ஓவியங்களும் சிலைகளும் அவரைக் காட்டுகின்றன. ஆனால் அவர் அம்புகளால் இறக்கவில்லை.

அவரைக் குறித்த மிகப் பழைய சான்று 354ஆம் ஆண்டின் உரோமை நாட்காட்டி. அதில் பெயரும், சனவரி 20 என்ற நாளும், அடக்கம் செய்யப்பட்ட இடமும் மட்டுமே உள்ளன. அவர் மிலான் நகரைச் சேர்ந்தவர் என்று அந்நகர ஆயர் புனித அம்புரோசு எழுதியுள்ளார். மற்றவை எல்லாம் 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பாடுகள்' என்னும் வரலாற்றிலிருந்து வருபவை. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்திய நூல் அது.

அதன்படி செபஸ்தியார் பேரரசர் தியோக்கிளேசியனின் மெய்க்காவல் படையில் தலைவராக இருந்தார். சிறைப்பட்ட கிறித்தவர்களுக்கு உதவவே தம் சமயத்தை மறைத்துப் படையில் நீடித்தார். மாற்கு, மார்செல்லியன் என்னும் இரட்டையர் பெற்றோரின் கண்ணீரைக் கண்டு தளர்ந்தபோது அவர்களைத் திடப்படுத்தியவர் அவரே. பின்னர் அவரது சமயம் வெளிப்பட்டது. தன் சோற்றைத் தின்று தனக்கே துரோகம் செய்ததாகக் கருதிய பேரரசர், அவரை வில்லாளர்களிடம் ஒப்படைத்தார். முள்ளெலியைப் போல் அவர் உடலில் அம்புகள் குத்தி நின்றன என்கிறது அந்நூல்.

இறந்துவிட்டார் என்று வீரர்கள் விட்டுச் சென்றனர். இரவில் உடலை எடுத்து அடக்கம் செய்ய வந்த ஐரீன் என்னும் கைம்பெண், உயிர் இருப்பதைக் கண்டு தம் இல்லத்தில் வைத்து மருந்திட்டுத் தேற்றினார். உரோமையை விட்டுப் போய்விடுமாறு நண்பர்கள் மன்றாடினர். செபஸ்தியார் போகவில்லை. பேரரசர் வரும் வழியிலிருந்த படிக்கட்டில் நின்று, குற்றமற்றவர்களை வதைப்பது அநீதி என்று நேருக்கு நேர் கூறினார். முதல் தண்டனை அவரைத் தேடி வந்தது. இரண்டாவதை அவரே தேடிச் சென்றார். இம்முறை தடிகளால் அடித்துக் கொன்றனர். கிறித்தவர்கள் உடலை எடுத்து வணங்கிவிடக் கூடாது என்று நகரின் பெருங்கழிவுக் கால்வாயில் எறிந்தனர். லூசினா என்னும் பெண்மணி அதை மீட்டு, ஆப்பியன் நெடுஞ்சாலை அருகே நிலத்தடிக் கல்லறையில் அடக்கம் செய்தார். இன்று அவர் பெயரிலான பேராலயம் அங்கு உள்ளது.

இறந்த ஆண்டாக 288 மரபில் கூறப்பட்டாலும், தியோக்கிளேசியனின் பெருந்துன்புறுத்தல் 303இல்தான் தொடங்கியது.

கொள்ளைநோயை வானிலிருந்து பாயும் அம்பாகக் கண்ட பழைய எண்ணமே, அம்புக்குத் தப்பிய இவரை நோய்க்காலப் பாதுகாவலர் ஆக்கியது. பிற்கால ஓவியர்கள் அந்த முதல் காட்சியையே பெரிதும் விரும்பினர். உரோமையின் 'சங்கிலிகளின் புனித பேதுரு' ஆலயத்திலுள்ள 7ஆம் நூற்றாண்டுப் பதிகல் ஓவியத்திலோ அம்பே இல்லை. தாடி நரைத்த, முழு ஆடை அணிந்த முதியவராக, கையில் மறைசாட்சியின் முடியுடன் அவர் நிற்கிறார்.