தாமதத்தின் வரலாறு

உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்று சொல்லும்போதே நாம் பாதி முடிவுக்கு வந்துவிடுகிறோம். கடிகாரம் என்றால் உள்ளே ஒரு வில், அதற்குச் சாவி கொடுக்க ஒருவன். 1971க்குப் பிறகு அந்த வில்லின் இடத்தில் மரபணு போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த வருடம் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரொனால்ட் கொனோப்காவும் அவருடைய ஆசிரியர் சீமோர் பென்சரும் பழ ஈக்களைப் பற்றி எழுதினார்கள். கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளியே வருவது விடியலையொட்டித்தான். ரசாயனத்தால் மாற்றப்பட்ட பரம்பரைகளில் நேரம் தப்பி வந்தவற்றைப் பொறுக்கியெடுத்தார் கொனோப்கா. மூன்று வகை கிடைத்தன: 19 மணி நேரத்தில் நாளை முடித்துக்கொள்கிறவை, 28 மணி நேரம் இழுக்கிறவை, நாள் என்பதே இல்லாதவை. மூன்றுக்கும் காரணம் எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடம். அதற்குப் பீரியட் என்று பெயர். நடத்தைக்கும் ஒரு மரபணு உண்டு என்கிற கதையாடலுக்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

1984இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ராஸ்பாஷும், ராக்ஃபெல்லரில் மைக்கேல் யங்கும் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். சரி, அதனால் நேரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்ததா? தெரியவில்லை. 1990இல்தான் பால் ஹார்டின், ஹால், ராஸ்பாஷ் மூவரும் ஒரு வளையத்தைக் காட்டினார்கள். பீரியடின் ஆர்.என்.ஏ. தினமும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைப் பீரியட் புரதமே தீர்மானிக்கிறது. புரதம் சேர்ந்தால் தன் உற்பத்தியைத் தானே நிறுத்தும். அழிந்தால் உற்பத்தி மறுபடி தொடங்கும்.

ஆனால் வெறும் வளையம் நாளை உண்டாக்காது. புரதம் உண்டான உடனே தன்னை அடக்கிக்கொண்டால் எல்லாம் ஒரு நடுமட்டத்தில் தேங்கிவிடும். 24 மணி நேரத்துக்கு இழுக்க இடையில் தாமதம் வேண்டும். 1998இல் யங்கின் ஆய்வுக்கூடம் டபுள்டைம் என்ற என்சைமைக் கண்டுபிடித்தது. அது பீரியட் புரதத்தின்மேல் பாஸ்பேட்டுகளைக் குறி போலப் பதிக்கிறது. குறிபட்ட புரதத்தைச் செல் சிதைத்துவிடுகிறது. ஆகவே மாலையில் உண்டாக உண்டாகப் புரதம் அழிகிறது, சேர முடிவதில்லை. டைம்லெஸ் என்கிற இன்னொரு புரதம் துணைக்கு வந்த பிறகே தப்பிப் பிழைத்து, இரவில் நியூக்ளியசுக்குள் நுழைந்து, மரபணுவைத் தூண்டிக்கொண்டிருக்கும் கிளாக், சைக்கிள் என்ற இரு புரதங்களை முடக்குகிறது. விடிந்தால் வெளிச்சம் டைம்லெஸ்ஸை அழிக்கிறது. துணை போனதும் பீரியடும் போய்விடும். முழு இருட்டிலும் இந்தச் சுற்று நிற்பதில்லை. வெளிச்சம் அதைத் திருத்துகிறது, அவ்வளவுதான். நாளின் நீளம் பெரும்பாலும் இந்தச் சிதைவின் வேகத்தில் இருக்கிறது.

2005இல் தகாவோ கொண்டோவின் குழு நீலப்பச்சைப் பாக்டீரியாவின் மூன்று புரதங்களை ஏ.டி.பி.யோடு சோதனைக்குழாயில் போட்டது. மரபணுவே இல்லை, 24 மணி நேரச் சுழற்சி மட்டும் ஓடியது. 2011இல் நியூக்ளியஸ் இல்லாத மனிதச் சிவப்பணுக்களிலும் நாள் சுழற்சி தெரிந்தது. உடனே 'மையமற்ற இயற்கை' என்று கொடி பிடிக்க வேண்டாம். நம்ம ஆட்கள் செய்யக்கூடியவர்கள். பாலூட்டிகளின் மூளையில் ஒரு கொத்து நரம்புச் செல்கள் உடலெங்கும் உள்ள கடிகாரங்களை ஒழுங்குபடுத்தத்தான் செய்கின்றன.

ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு. பென்சர் 2007இலும், ஆய்வுத்துறையை விட்டே விலகிவிட்ட கொனோப்கா 2015இலும் இறந்துவிட்டார்கள்.

2001இல் மனிதர்களிடமும் இது அகப்பட்டது. பீரியட்-2 புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய ஒரு குடும்பம். குறி சரியாக விழுவதில்லை, நாள் முந்துகிறது. பொழுது சாய்ந்ததும் தூக்கம், விடியுமுன் விழிப்பு. மருத்துவம் இதைக் கோளாறு என்றது. விடிகாலையில் எழுந்து பால் கறக்கிறவருக்கு இது கோளாறா? அலுவலக நேரத்தை அளவுகோலாக வைத்தால்தான் கோளாறு.

இரவு ஷிப்டுக்கு வருவோம். உடல் சுழற்சியைக் குலைக்கும் ஷிப்டு வேலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2007இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. 2019இல் மறுபடி உறுதி செய்தது. டபுள்டைமின் பாலூட்டி வடிவங்களைத் தடுத்துக் கடிகாரத்தை நகர்த்தும் வேதிப்பொருள்கள் ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே உண்டு. ஷிப்டை மாற்றுவதைவிடத் தொழிலாளியின் புரதத்தை மாற்றுவது மலிவு என்று ஒரு நிர்வாகம் மேசையில் மாத்திரையை வைத்தால், நம் தரப்பில் பேச உட்காருகிறவர் இதையெல்லாம் படித்திருப்பாரா?