சைதாப்பேட்டையில் ஒரு அரசாங்கப் பண்ணை

மாம்பலத்துல இருந்து கிண்டிக்கு மின்சார ரயில்ல போனா, நடுவுல வர்ற ஸ்டேஷன் சைதாப்பேட்டை. இன்னைக்கு சுத்திப் பார்த்தா கடையும் வீடும்தான் தெரியும். ஆனா தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையோட கதையை நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

1865. சென்னை ஆளுநரா இருந்த சர் வில்லியம் டெனிசன், இங்கிலாந்துல இருந்து நீராவிக் கலப்பைகளை வரவழைச்சார். அதை ஓட்டிப் பார்க்க ஒரு இடம் வேணுமில்லையா? அப்படி வந்ததுதான் சைதாப்பேட்டைப் பண்ணை. புதுக் கருவியும் புது முறையும் காட்டினா நம்ம விவசாயம் திருந்திடும்ங்கிறது அப்போதைய நம்பிக்கை.

1876-ல அங்கேயே வேளாண் கல்லூரி இயங்க ஆரம்பிச்சது. அதே வருஷம் மழை பொய்த்தது. நம்ம பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்'னு சொன்னது இதைத்தான். 1878 வரை நீடிச்ச அந்தப் பஞ்சத்துல இந்தியா முழுக்க 50 லட்சம் பேருக்கு மேல செத்திருப்பாங்கன்னு மதிப்பீடு. நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு, 1877-ல ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயிச்ச தினக்கூலி 1 பவுண்டு தானியம், கூட 1 அணா. 1 பவுண்டுன்னா அரைக் கிலோவைவிடக் கம்மி. நாள் முழுக்க மண் சுமக்கிற உடம்புக்கு அது எப்படிப் போதும்?

கலப்பை மாத்தினா தீர்ற பிரச்சனை இல்லை இது. 1880-ல பஞ்ச கமிஷன், மாகாணத்துக்கு மாகாணம் வேளாண்மைத் துறை வேணும்னு பரிந்துரைச்சது. அந்தத் துறைகள் வேகம் எடுத்ததுக்குப் பின்னால இருந்தது பசிச்சாவு.

பிறகு லண்டன்ல இருந்து ஜான் அகஸ்டஸ் வோல்க்கர்ங்கிற வேதியியலாளர் வந்தார். நாடு முழுக்கச் சுத்தி, 1893-ல அறிக்கை வெளியிட்டார். நல்ல இந்திய விவசாயி பிரிட்டிஷ் விவசாயிக்குக் குறைஞ்சவர் இல்லைன்னு எழுதினார். அவர் பார்த்த குறை வேற: தண்ணி பத்தலை, விறகு கிடைக்காததால எருவா போக வேண்டிய சாணம் அடுப்புல எரியுது.

1906 வாக்குல கல்லூரி கோயம்புத்தூருக்கு மாறிச்சு. அதுதான் வளர்ந்து இன்னைக்கு வேளாண் பல்கலைக்கழகமா நிக்குது. துறையோட பேர் 2021-ல 'வேளாண்மை – உழவர் நலத்துறை' ஆச்சு. பேர்ல உழவர் வந்துட்டார். அவர் கேட்கிறது இன்னும் தண்ணியும் கட்டுப்படியாகிற விலையும்தான். நகரத்துல உட்கார்ந்து திட்டம் போடுறவங்க முதல்ல அதைக் காதுல வாங்கணும்.