வாயிலில்லாக் கரையும் புகைத்தடை விதியும்: மாமல்லபுரம் கடற்கரையை முன்வைத்து

பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு இந்தியாவில் விதிக்கப்பட்ட தடை, முதலில் கட்டடங்களுக்குள் வேரூன்றிப் பின்னரே திறந்தவெளிக்கு வந்தது. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதை, பிறருக்கு ஊறு விளைவிக்கும் ‘பொதுத் தொல்லை’ என்ற குற்றமாகக் கருதித் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2 அன்று, முரளி தேவரா தொடுத்த வழக்கில், மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரங்கம், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் புகைபிடிப்பதை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடைசெய்தது. தமிழ்நாடும் புகைபிடித்தலையும் எச்சில் துப்புதலையும் தடுக்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது.

இவற்றைத் தொடர்ந்து வந்த, நாடு முழுமைக்குமான 2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருட்கள் சட்டம், ‘பொது இடம்’ என்பதை வரையறுக்கும்போது திறந்தவெளியை வெளிப்படையாகவே விலக்கியது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் அவ்விலக்கைச் சுருக்கின. திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் ‘மற்றும் இவை போன்ற இடங்கள்’ தடைக்குள் கொண்டுவரப்பட்டன. கடற்கரை என்ற சொல் அப்பட்டியலில் இல்லை.

2019 நவம்பர் 29 அன்று உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த இடைவெளியின் விளைவு தெளிவாகப் புலப்படுகிறது. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயில் வளாகமும் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் சுற்றுவேலி, நுழைவுச்சீட்டு, காவலர் ஆகிய மூன்றையும் கொண்டவை. ஆனால் அதே கோயிலுக்கு வெளியே விரியும் மணற்பரப்பில் யாரும் எப்போதும் எத்திசையிலிருந்தும் நுழையலாம். 2008ஆம் ஆண்டு விதிகளோ, இடத்தின் உரிமையாளர், மேலாளர் அல்லது பொறுப்பாளரையே தடையைக் காக்கும் கடமைக்கு உரியவராக்குகின்றன. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் குறையாத எச்சரிக்கைப் பலகை ஒவ்வொரு நுழைவாயிலிலும் வைக்கப்பட வேண்டும். புகார் பெறும் பொறுப்பாளரின் பெயரும் அறிவிக்கப்பட வேண்டும். புகார் வந்தும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லையெனில் அபராதம் அவர்மீதும் விழும். வாயிலே இல்லாத கரையில் பலகையை எங்கே நடுவது, யாருடைய பெயரை எழுதுவது என்பதற்கு இவ்விதிகளில் விடை கிடைப்பதில்லை.

2021இல் நீலக்கொடிச் சான்று, அதாவது தூய்மை, நீரின் தரம், பாதுகாப்பு முதலிய அளவுகோல்களின்படி கடற்கரைகளுக்கு அளிக்கப்படும் பன்னாட்டுச் சான்று, பெற்ற, இதே மாவட்டத்திலுள்ள கோவளம் இதற்கு ஓர் இடைவழியைக் காட்டுகிறது. அங்கே சான்றுக்குரிய பகுதி எல்லை குறிக்கப்பட்டு, பராமரிப்புப் பணியாளர்களின் பொறுப்பில் இருப்பதால், விதி தேடும் பொறுப்பாளரைச் சுட்டிக்காட்ட முடிகிறது. கடற்கரைகளில் தடைக்கான காரணம் புகை மட்டுமன்று. பேச்சுவழக்கில் ‘பஞ்சு’ எனப்படும் சிகரெட் வடிகட்டி, செல்லுலோஸ் அசிடேட் என்ற நெகிழி இழையால் ஆனது; மணலில் புதைக்கப்பட்டாலும் எளிதில் மக்காமல் அலையோடு கடலுக்குள் செல்கிறது.

பிற நாடுகள் இச்சிக்கலை வெவ்வேறு வகையில் அணுகின. நியூயார்க் நகரம் 2011 மே மாதம் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் தடை விதித்தபோது, மக்கள் ஒருவரையொருவர் நினைவூட்டிக்கொள்வதையே பெரிதும் நம்பியது. தாய்லாந்து 2018இல் தேர்ந்தெடுத்த கடற்கரைகளில் ஒரு லட்சம் பாட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. பார்சிலோனா 2022இல் தன் கடற்கரைகள் அனைத்தையும் தடைக்குள் கொண்டுவந்தது. அணுகுமுறை வேறுபட்டாலும் இம்மூன்றிலும் கடற்கரை பெயர் சுட்டிக் குறிப்பிடப்பட்டது. இந்தியாவில் 200 ரூபாய் வரையிலான அபராதத்தை 2,000 ரூபாயாக்க 2020ஆம் ஆண்டு வரைவுத் திருத்தம் முன்மொழிந்தது. எனினும் அபராதத்தை உயர்த்துவது மட்டுமே பொறுப்பாளரில்லாத இடத்தில் கீழ்ப்படிதலை உருவாக்கிவிடாது. கடற்கரை என்ற சொல்லை விதியில் சேர்ப்பதும், ஒவ்வொரு கரைப்பகுதிக்கும் பொறுப்பான உள்ளாட்சி அலுவலரைப் பெயர் சுட்டி நியமிப்பதுமே அபராத உயர்வுக்கு முன் செய்யப்பட வேண்டியவை.