நோயாளியின் தலைமாட்டில்

காலடிப்பேட்டை என்றதும் எவருடைய காலடி என்று வினவுவோர் உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலட்டின் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பு இது. ‘காலட் பேட்டை’ மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று. பெயர்கள் மட்டுமல்ல, பணிகளும் காலப்போக்கில் புது உருவம் பெறுகின்றன. நோயாளியின் ஆன்மாவைப் பேணும் செவிலியர் பணி அவற்றுள் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு. துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்த நம் பங்குப் பெரியவர் ஒருவர் அரசு மருத்துவமனையில் கிடந்தார். என்னைத் தொலைபேசியில் அழைத்தவர் அவருடைய பிள்ளைகள் அல்லர். இந்துவான செவிலியர் ஒருவர். “ஃபாதர், தலையணைக்கடியில் செபமாலை வைத்திருக்கிறார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சாமியாரை என்றார்” என்றார். பிள்ளைகளோ, “சாமியார் வந்தால் அப்பா பயந்துவிடுவார்” என்று தயங்கியிருந்தனர். நோயில்பூசுதல் பெற்ற பெரியவர் அச்சமின்றி உறங்கினார். இதை எங்கே கற்றீர்கள் என்று அச்செவிலியரைக் கேட்டேன். பயிற்சிக் காலத்தில் வயது முதிர்ந்த அருட்சகோதரி ஒருவர், நோயைக் கேட்குமுன் நோயாளியைக் கேள் என்று சொல்லித் தந்ததாகக் கூறினார்.

அச்சொல்லுக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. பிறர் தம் பெண்மக்களை அனுப்பத் தயங்கிய அந்நாளில் முன்வந்தோருள் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்களே. அக்காலத்து மறைப்பணியில், சாகும் தறுவாயிலிருந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பது பெரும் அக்கறையாக இருந்தது. அன்றைய இறையியல் அவ்வாறு கற்பித்தது. அன்பில் குறைவில்லை, ஆயினும், நோயுற்ற மனிதரின் மனக்குரலைக் கேட்கும் கலை இன்னும் முதிரவில்லை.

இவ்விடத்தில் நினைக்கத் தக்கவர் அருட்சகோதரி மேரி குளோரி. ஆஸ்திரேலியாவில் 1887-இல் பிறந்து மருத்துவரான இவர், 1920-இல் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். துறவியர் மருத்துவம் செய்யத் திருச்சபைச் சட்டம் தடையாயிருந்த காலம் அது. திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் அளித்த தனி இசைவோடு இவர் பணியாற்றினார். உள்ளூர்ப் பெண்களைச் செவிலியராகவும் மருத்துவச்சியராகவும் பயிற்றுவித்தார். 1936 பிப்ரவரி 11 அன்று உரோமை வெளியிட்ட அறிவுரை, அருட்சகோதரியர் மருத்துவமும் மகப்பேற்றுப் பணியும் கற்க வழி திறந்தது. 1943-இல் குளோரி நிறுவிய கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கம் இன்று 3,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை இணைக்கிறது.

பின்னர் வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். நோயில்பூசுதல் சாகும் தறுவாயினர்க்கு மட்டும் உரியதன்று என்று 1963-இல் அது தெளிவாக்கிற்று. 1965-இல் மனச்சான்றின் உரிமையை உரத்துச் சொன்னது. செவிலியராயிருந்து மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் இலண்டனில் இறுதிநிலை நோயாளருக்கான இல்லத்தைத் திறந்தார்; உடல், மனம், உறவு, ஆன்மா நான்கின் வலியும் சேர்ந்ததே முழு வலி என்று கற்பித்தார்.

எனவே, இன்று செவிலியர்க்குத் தரவேண்டிய ஆன்மீகப் பயிற்சி மறையுரை ஆற்றும் பயிற்சி அன்று. பொறுமையோடு கேட்பது, வேண்டினால் உடனிருந்து செபிப்பது, வேண்டாவிடில் மௌனமாய்க் கைப்பற்றி நிற்பது, குருவையோ இமாமையோ பூசாரியையோ உரிய நேரத்தில் அழைப்பது, தன் நம்பிக்கையைப் பிறர் பலவீனத்தின்மீது திணியாதிருப்பது. நோயில்பூசுதலைக் குரு மட்டுமே அளிக்க முடியும். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகே நிற்பவர் குரு அல்லர், செவிலியரே.

2002-இல் உலக நோயாளர் நாளின் சிறப்பு விழாவுக்கு நம் வேளாங்கண்ணியே தெரிந்துகொள்ளப்பட்டது. அப்பெருமை நமக்கு ஒரு கடமையையும் விட்டுச் சென்றது. நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பெண்மக்கள் செவிலியர் பயிற்சிக்குச் செல்கின்றனர். ஊசி போடக் கல்லூரி கற்பிக்கும். தலையணைக்கடியில் இருக்கும் செபமாலையைக் காணும் கண்ணை யார் கற்பிப்பது? அதோடு, சாமியார் வந்தால் சாவு வரும் என்னும் அச்சத்தை நம் இல்லங்களிலிருந்து யார் அகற்றுவது? அன்று அப்பெரியவரின் விருப்பத்தை அறிந்திருந்தவர் அவர் பெற்ற பிள்ளைகள் அல்லர் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.