பழைய செபுல்டுரா, புதிய செபுல்டுரா, நம்ம தப்பு

மெட்டல் கேட்கிற நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா ஒரு சண்டை கட்டாயம் வரும்: பழைய ஆல்பங்களா, புதிய ஆல்பங்களா? பிரேசில் இசைக்குழு செபுல்டுரா விஷயத்தில் இந்தச் சண்டை இன்னும் சூடு. 'அரைஸ்' வரைக்கும்தான் மெட்டல் என்று ஒரு கட்சி. 'ரூட்ஸ்'தான் உச்சம் என்று இன்னொரு கட்சி. மாக்ஸ் கவலேரா போனதோட எல்லாம் முடிஞ்சது என்று மூணாவது கட்சி. பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்கள்ல இருந்து கேட்கிறவங்களுக்கு இந்தச் சண்டைக்குள்ள வேற ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. அதுக்கு முதல்ல அந்தக் குழுவோட வரலாற்றைப் பார்ப்போம்.

கடன் வாங்கிய சாத்தான்

செபுல்டுரா 1984ல் பெலோ ஒரிசாண்டே நகரத்தில் தொடங்கியது. அது மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத் தலைநகர். மாநிலத்தோட பெயரே சுரங்கங்களைக் குறிக்கிறது. தங்கத்தையும் இரும்பையும் தோண்டித் தோண்டி எடுத்த பூமி. 1964ல் வந்த இராணுவ ஆட்சி 1985 வரைக்கும் நீடித்தது. மாக்ஸ், இகோர் என்ற அண்ணன் தம்பி இரண்டு பேரும் அப்போ பதின்ம வயசுப் பையன்கள். செபுல்டுரா என்றால் போர்த்துக்கீச மொழியில் புதைகுழி.

1986ல் வந்த 'மார்பிட் விஷன்ஸ்' ஆல்பத்தில் சுரங்கமும் இல்லை, இராணுவமும் இல்லை. சாத்தானும் நரகமும்தான் இருந்தன. இங்கிலாந்தின் வெனம், சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் குழுக்களைக் கேட்டு வளர்ந்த பையன்கள், தங்களுக்குச் சரியா வராத இங்கிலீஷில் அதே விஷயங்களை எழுதினாங்க. 1987ல் ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸர் கிட்டாரோட வந்து சேர்ந்ததும் வாசிப்பு கூர்மையானது. 'பினீத் த ரிமெயின்ஸ்' (1989), 'அரைஸ்' (1991) இரண்டும் திராஷ் மெட்டலின் முதல் வரிசைக்குப் போயின. அறுத்தெடுக்கிற கிட்டார், இரண்டு காலாலும் உதைக்கிற ட்ரம்ஸ், மூச்சு விட நேரம் தராத வேகம். அபாரமான இசை. ஆனா கண்ணை மூடிட்டுக் கேட்டா, பெரும்பாலான இடங்களில் இது பிரேசில் என்று கண்டுபிடிக்க முடியாது. 'அரைஸ்' பதிவானதும் ஃப்ளோரிடாவில்தான்.

ஊர்ச் செய்தி உள்ளே வந்தது

1993இல் 'கேயாஸ் ஏ.டி.' வந்தது. வேகம் குறைஞ்சது, அடி கனத்தது. 1992 அக்டோபரில் சாவோ பாவ்லோவின் கரண்டிரு சிறையில் பொலிஸ் புகுந்து 111 கைதிகள் செத்தாங்க. 'மேனிஃபெஸ்ட்' அதைப் பற்றிய பாட்டு. 'கையோவாஸ்' என்ற துண்டில் மின் கிட்டாரே இல்லை; சாதாரணக் கிட்டாரும் தாளமும்தான். நிலம் பறிபோன ஒரு பழங்குடியின் பெயர் அது.

1996இல் 'ரூட்ஸ்'. குழு மாத்தோ குரோஸோவில் ஷவான்டே மக்களின் கிராமத்துக்கே போய், அவங்களோட சேர்ந்து 'இட்சாரி'யைப் பதிவு பண்ணியது. பாயியா மாநிலத் தாளக் கலைஞர் கார்லினோஸ் பிரவுன் 'ரத்தமஹத்தா'வில் போர்த்துக்கீச மொழியிலேயே முழங்கினார். பழைய இரசிகர்கள் கோபப்பட்டதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. தந்திகளைத் தளர்த்தி அடி ஆழத்துக்கு இறக்கிய அந்தக் கிட்டார் ஒலி, அப்போ கலிஃபோர்னியாவில் கோர்ன் போன்ற குழுக்கள் பரப்பிக்கிட்டு இருந்தது. கோர்னின் பாடகரே ஒரு பாட்டில் வர்றார். அதாவது 'ரூட்ஸ்' ஒரே நேரத்தில் ஷவான்டே கிராமமும்தான், கலிஃபோர்னியா ஸ்டூடியோவும்தான்.

அந்த வருஷக் கடைசியில் மாக்ஸ் விலகினார். அமெரிக்கரான டெரிக் கிரீன் பாடகரா வந்தார். 2006இல் இகோரும் போனார். குழு தொடர்ந்தது, 2020இன் 'குவாட்ரா'வில் பழைய வேகம் நல்ல நுணுக்கத்தோட திரும்பியது. 2023இல் கவலேரா சகோதரர்கள் தனியா சேர்ந்து 'மார்பிட் விஷன்ஸை'யே மறுபடி பதிவு பண்ணினாங்க. பழசு அப்போ புதுசா வெளியானது.

இங்கேதான் அந்தச் சண்டை தலைகீழாகுது. இரசிகர்கள் 'பழைய செபுல்டுரா' என்று சொல்றது ஐரோப்பாவில் அப்போதான் பிறந்திருந்த புத்தம்புது ஒலி. 'புதிய செபுல்டுரா' என்று சொல்றதுக்குள்ள இருந்ததோ அந்த மண்ணின் மிகப் பழைய தாளம்.

தப்பு எங்கே நிற்குது?

இப்போ ஊவாவுக்கு வருவோம். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டில் இருந்து வந்தவங்க மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியா மலைக்கு நடந்தாங்க. லிப்டன் அப்புத்தளையில் தம்பேதன்னைத் தொழிற்சாலையைக் கட்டியது 1890இல். ரயில் பதுளை வரைக்கும் வந்தது 1924இல். அந்த மக்களோட வந்தது தப்பு. நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றுகிற தோல், இரண்டு குச்சி. சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, மாசி மாசம் காமன் கூத்துக்கு இன்னொரு அடி.

அதே தப்பைத் தோட்ட நிர்வாகமும் எடுத்துக்கிட்டது. விடியறதுக்கு முன்னாடி லயத்தை எழுப்பிப் பெரட்டுக்கு அனுப்பியது தப்புச் சத்தம்தான். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளியிட்ட ஆங்கில நெடுங்கவிதையிலும் அந்த விடிகாலை முழக்கம் இருக்கு. துரையோட கடிகாரமும் மக்களோட கூத்தும் ஒரே தோலில் இருந்து வந்தன.

இதுக்கு மேல சாதி. தப்பு அடிக்கிறவங்க யார் என்று கடல் தாண்டும் முன்னாடியே முடிவாகியிருந்தது. லயத்துக்கு வந்தும் அது மாறலை. சாவு வீட்டில் அவங்க அடிக்கணும், ஆனா மரியாதை கிடைக்காது. பல இளைஞர்கள் தப்பைத் தொட மறுத்ததுக்கு இந்த அவமானம்தான் காரணம். 'நம்ம பாரம்பரியம் அழியுது' என்று புலம்புறவங்க இதைப் பேசாம தாண்டிப் போகக் கூடாது. குச்சியைக் கீழே போட்டது சிலருக்கு விடுதலை.

பெயர் யாருக்கு?

அதனால, 'செபுல்டுரா மாதிரி நாமளும் தப்பை எடுத்துக் கிட்டாரோட கலப்போம்' என்று சும்மா சொல்லிட முடியாது. யார் அடிக்கிறாங்க, யார் பெயர் போடப்படுது என்பதும் இசையின் பகுதிதான். சென்னையில் 2018இல் மேடையேறிய த காஸ்ட்லெஸ் கலெக்டிவ், பறையையும் கானாவையும் ராப்பையும் மின் கிட்டாரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. சாதியைத் தன் பெயரிலேயே எதிர்த்தது. அந்தக் குழுவில் இருந்து வந்த அறிவு, 2021இல் தீயோட சேர்ந்து 'எஞ்சாயி எஞ்சாமி' பாடினார். அதன் பின்னால இருந்தது அவரோட பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைச்சு, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். நம்ம கதை உலகம் முழுக்க ஒலிச்சது. ஆனா அதே வருஷம் ரோலிங் ஸ்டோன் இந்தியா தன் அட்டையில் பாட்டைக் கொண்டாடினப்போ அறிவின் முகம் இல்லை. எதிர்ப்பு வந்த பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது.

ஊவாவில் ஒரு மெட்டல் குழு எழுந்தா அதுக்குப் பாட விஷயம் தேடி நோர்வே வரைக்கும் போக வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிஞ்சு லயங்களை மூடியது. புதைகுழி என்ற சொல்லுக்கு இங்கே அலங்காரம் தேவையில்லை. 'மேனிஃபெஸ்ட்' செய்த வேலையை அந்தக் காலைக்காக யாராவது செய்யணும். அதில் தப்பு ஒலிச்சா, அது கணினியில் வெட்டி ஒட்டிய துண்டா இருக்கக் கூடாது. அடிக்கிறவர் மேடையில் நிற்கணும். பெயரும் பணமும் கிட்டார்காரருக்குச் சமமா கிடைக்கணும்.

முதல்தடவை கேட்கிறவங்க 'அரைஸ்', 'கேயாஸ் ஏ.டி.', 'ரூட்ஸ்' மூணையும் இதே வரிசையில் கேளுங்க. கிட்டாரை விட்டுட்டு இகோரோட கைகளை மட்டும் பின்தொடருங்க. பிறகு அடுத்த மாசிக்கு உங்க தோட்டத்தில் காமன் கூத்து நடந்தா, தப்புக்குப் பக்கத்தில் போய் நில்லுங்க. அடிக்கிறவர்கிட்ட அந்த அடிக்கு என்ன பெயர், யாரிடம் கத்துக்கிட்டார் என்று கேளுங்க. அவர் பெயரையும் கேளுங்க.