மறுப்புக்குக் கிடைத்த மறுமொழி: லிஸ்பன் உடன்படிக்கையும் அயர்லாந்தின் இரு வாக்கெடுப்புகளும்

2008 ஜூன் 12 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பைத் திருத்தும் லிஸ்பன் உடன்படிக்கையை அயர்லாந்து மக்கள் நிராகரித்தனர். எதிர்த்து விழுந்தவை 53.4 விழுக்காடு வாக்குகள். பெரிய கட்சிகளான ஃபியன்னா ஃபோல், ஃபினே கேல், தொழிற்கட்சி மூன்றும் அதை ஆதரித்திருந்தன. 2009 அக்டோபர் 2 அன்று அதே உடன்படிக்கையை 67.1 விழுக்காட்டினர் ஏற்றனர். விரும்பிய விடை வரும்வரை ஐரோப்பிய ஒன்றியம் மக்களை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் என்ற குற்றச்சாட்டுக்கு இன்றும் முதல் சான்றாகக் காட்டப்படுவது இதுதான். குற்றச்சாட்டில் பாதிதான் உண்மை. மக்களை மறுபடி கேட்டதில் பிழையில்லை. எதை மாற்றிவிட்டுக் கேட்டார்கள் என்பதையே ஆராய வேண்டும்.

முதல் தீர்ப்பை அறியாமையின் விளைவு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. உடன்படிக்கை புரியவில்லை என்பதே எதிர்த்து வாக்களித்தோர் சொன்ன முதன்மைக் காரணம் என்று பின்னர் எடுத்த கருத்துக்கணிப்புகள் காட்டின. லிஸ்பன் தனித்து நிற்கும் நூல் அன்று. முந்தைய உடன்படிக்கைகளின் சரத்துகளை வெட்டியும் ஒட்டியும் திருத்தும் ஆவணம். பழைய உடன்படிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் படித்தால் ஒரு பத்தியும் பொருள்படாது. ஐரோப்பிய ஆணையத்தில் அயர்லாந்தின் உறுப்பினராக இருந்த சார்லி மெக்ரீவியே அதை முழுவதும் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். படித்துப் புரியாத பத்திரத்தில் கையெழுத்திட மறுப்பவரை யாரும் அறிவிலி என்பதில்லை. அந்த மறுப்பு முழுக்க நியாயமானது.

இரண்டாம் வாக்கெடுப்புக்கு முன் அயர்லாந்து அரசு ஒன்றியத்திடம் பெற்றுவந்த உறுதிமொழிகளைப் பிரித்துப் பார்த்தால் மாற்றத்தின் அளவு தெரியும். வரிவிதிப்பு, இராணுவ நடுநிலைமை, கருக்கலைப்பு ஆகியவை குறித்த உறுதிமொழிகள் சட்டப்படி கட்டுப்படுத்துபவையே. ஆயினும் அவை சொன்னதெல்லாம் லிஸ்பன் இவற்றைத் தொடாது என்பதுதான். அவற்றால் எந்தக் கடமையும் குறையவில்லை. மெய்யான சலுகை ஒன்றே: ஒவ்வொரு நாட்டுக்கும் ஆணையத்தில் ஓர் உறுப்பினர் தொடர்வார். 2014 முதல் உறுப்பினர் எண்ணிக்கையை நாடுகளின் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்க லிஸ்பன் வகைசெய்திருந்தது. ஆனால் ஐரோப்பிய மன்றம் ஒருமனதாக முடிவெடுத்தால் அந்த எண்ணிக்கையை மாற்றலாம் என்றும் அதே சரத்து இடமளித்தது. ஆகவே சலுகை உடன்படிக்கைக்குள்ளிருந்தே எடுத்துத் தரப்பட்டது. மூலத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இதை வைத்து இரண்டாம் தீர்ப்பைப் போலி என்று சொல்லிவிட முடியாது. வாக்களித்தோர் 53.1 விழுக்காட்டிலிருந்து 59 விழுக்காடாக உயர்ந்தனர். எதிர்வாக்குகள் ஏறத்தாழ 8,62,000இலிருந்து 5,95,000 ஆகக் குறைந்தன. பெருந்திரளானோர் மனம் மாறியிருக்கிறார்கள். அவர்களை மாற்றியதில் உறுதிமொழிகளுக்குப் பங்கிருந்தது. அதைவிடப் பெரிய பங்கு, என் கணிப்பில், வங்கிகளின் வீழ்ச்சிக்கே. 2008 செப்டம்பர் இறுதியில் வங்கிகளின் கடன்களுக்கு அரசே பொறுப்பேற்ற பிறகு, ஒன்றியத்தின் நிழலை இழக்கும் அச்சம் வீடுதோறும் புகுந்தது. அச்சத்தில் அளித்த வாக்கும் செல்லும் வாக்கே. ஆனால் முதல் மறுப்பு எழுப்பிய கேள்விக்கு அதை விடையாகக் கொள்ளக் கூடாது.

டென்மார்க் கண்ட வழி வேறு. 1992 ஜூன் 2இல், ஒன்றியத்தை நிறுவிய மாஸ்டிரிக்ட் உடன்படிக்கையை டேனியர் 50.7 விழுக்காட்டில் மறுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் எடின்பரோவில் பொது நாணயம், பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை என்ற நான்கில் டென்மார்க்குக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1993 மே மாதம் 56.7 விழுக்காட்டினர் ஏற்றது அந்த விலக்குகளோடு வந்த மாஸ்டிரிக்டை. மறுத்ததும் ஏற்றதும் ஒரே பொருளல்ல. இரண்டாம் வாக்கெடுப்புக்கு நியாயம் தருவது இந்த வேறுபாடே.

பிரான்சிலும் நெதர்லாந்திலும் 2005க்குப் பின் நிகழ்ந்தது மக்களுக்கு இழைத்த அவமதிப்பு. அவ்வாண்டு வாக்களித்த பிரெஞ்சு மக்களில் ஏறக்குறைய 55 விழுக்காட்டினரும், டச்சு மக்களில் 61.5 விழுக்காட்டினரும் ஐரோப்பிய அரசமைப்பு உடன்படிக்கையை நிராகரித்தனர். அதன் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி லிஸ்பன் என்ற பெயரில் திரும்பியபோது, இரு நாடுகளிலும் நாடாளுமன்றங்களே ஒப்புதல் அளித்து முடித்தன. மறுபடி கேட்கப்பட்ட அயர்லாந்து மக்களின் நிலை இதைவிட மேல்.

டேனிய விலக்குகளில் மூன்று பின்னர் தனித்தனியே மக்கள்முன் வந்தன. யூரோவை 2000இலும், நீதி மற்றும் உள்துறை விலக்கைத் தளர்த்துவதை 2015இலும் மறுத்தவர்கள், உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபின், 2022 ஜூன் 1 அன்று பாதுகாப்பு விலக்கை 66.9 விழுக்காட்டில் தாமே கைவிட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் சொன்ன மறுப்பை எப்போது, எந்த அளவுக்குத் திரும்பப் பெறுவது என்பதை அவர்களே முடிவுசெய்தார்கள்.