ரில்கேயின் தனிமை, வுல்ஃபின் வரவுசெலவு

படைப்பு, தன்னை ஏற்றல், தனக்கு உண்மையாக வாழ்தல் என்று இணையத்தில் தேடுகிறவர் கண்ணில் இரண்டு நூல்களின் துணுக்குகள் அடிக்கடி படும். ஒன்று, ரைனர் மரியா ரில்கேயின் 'இளங்கவிஞனுக்குக் கடிதங்கள்'. மற்றது, வர்ஜீனியா வுல்ஃபின் 'தனக்கென்று ஓர் அறை'. இரண்டும் நூலாக வந்தது 1929-இல். எழுதுகிறவருக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு ஒன்று உள்ளேயிருந்தும் மற்றது வெளியேயிருந்தும் விடை தேடுகிறது.

ரில்கேயினுடையவை பத்துக் கடிதங்கள். 1903 முதல் 1908 வரை ஃபிரான்ஸ் சேவர் கப்புஸ் என்ற இளைஞருக்கு எழுதியவை. ஆஸ்திரிய இராணுவக் கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அவர், தம் கவிதைகள் தேறுமா என்று கேட்டிருந்தார். தீர்ப்புச் சொல்ல ரில்கே மறுத்துவிட்டார். பத்திரிகைகளுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம், பிறர் கவிதையோடு ஒப்பிட வேண்டாம். எழுதாமல் இருக்க முடியுமா என்று நள்ளிரவு அமைதியில் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும் என்றார். விடை தெரியாத கேள்விகளோடு பொறுமையாக வாழச் சொன்னார்.

வுல்ஃபின் நூல், 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம், கர்ட்டன் ஆகிய பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய உரைகளின் விரிவு. அவர் முதலில் உற்றுப் பார்ப்பது சாப்பாட்டு மேசையை. ஆண்கள் கல்லூரியின் மதிய விருந்தில் மீன், கௌதாரி, ஒயின். பெண்கள் கல்லூரியின் இரவுச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி, உலர்ந்த பிளம்ஸ், கஸ்டர்ட், குடிக்கத் தண்ணீர். நூலக வாசலிலும் தடை: கல்லூரி ஆசிரியர் துணை வர வேண்டும், இல்லையென்றால் அறிமுகக் கடிதம் வேண்டும். இந்த வேறுபாட்டின் காரணத்தைத் துருவிக்கொண்டே போய், ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் பூட்டு வைத்த அறையும் என்று கணக்கை முடிக்கிறார். ஷேக்ஸ்பியருக்கு நிகரான திறமையோடு ஒரு தங்கை இருந்திருந்தால் அவள் கதி என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இருவரும் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு. பாராட்டுக்காகவோ பரிசுக்காகவோ எழுத்தை வளைப்பதை இருவருமே ஏற்பதில்லை. ஆனால் ரில்கே ஒருவர் காதில் மட்டும் பேசுகிறார். வுல்ஃப் பேசுவது ஒரு கூட்டத்தின் முன்னால். அதனால் ஒருவரின் மனத்திடத்தைவிட எல்லாருக்குமான நிலைமை அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ரில்கேயின் தனிமைக்கும் ஒரு செலவுக் கணக்கு இருந்தது. 1901-இல் பிறந்த மகள் ரூத் பெரும்பாலும் தாய்வழிப் பாட்டி வீட்டில் வளர்ந்தாள். சுவிட்சர்லாந்தில் அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த மியூசோ வீட்டை 1922-இல் வாங்கி அவரைக் குடியிருக்க விட்டவர் வெர்னர் ரைன்ஹார்ட் என்ற புரவலர். கடிதங்களில் தனிமை மனத்தின் பயிற்சியாகவே வருகிறது. அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற பேச்சு வருவதில்லை. வுல்ஃபின் கணக்கிலும் விடுபட்ட வரி உண்டு. அவர் எழுதிய வீட்டில் சமைத்தவர் நெல்லி பாக்ஸால். அவருக்கும் ஓர் அறையும் பூட்டும் வேண்டாமா என்று நூல் கேட்பதில்லை.

துணுக்குகளாகப் படிக்கும்போது போய்விடுவது இந்தக் கணக்குகள்தான். உள்ளே பார் என்ற அறிவுரையை மட்டும் படித்தவர், எழுத முடியாமல் போனால் குறை தன் மனத்தில்தான் என்று முடிவுகட்டிவிடுவார். அறை மட்டும் போதும் என்று நம்புகிறவர், அறை கிடைத்த பிறகும் எழுத்து ஏன் வரவில்லை என்று திகைப்பார்.

இரண்டு மூலநூல்களுக்கும் இந்தியாவில் காப்புரிமை முடிந்துவிட்டது. முழுதாகவே படிக்கலாம். என்னைக் கேட்டால் வுல்ஃபை முதலில் படிக்கச் சொல்வேன். எழுத விடாமல் தடுப்பவற்றில் எவை நம் குறை, எவை நம்மேல் சுமத்தப்பட்டவை என்று அவர் பிரித்துக் காட்டிய பிறகுதான், ரில்கேயின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.